கன்றீன்ற பசுவில் கீற்றோசிசு: இனங்காணலும் முகாமை செய்தலும்

க.பொ.த. (சாதாரண தரம்) – விவசாயமும் உணவுத் தொழினுட்பமும்
அலகு: கறவைப் பசு முகாமைத்துவம்



மலைநாட்டில் இரண்டு பசுக்களை வளர்க்கும் ஒரு குடும்பத்தை மனதில் எண்ணிக் கொள்ளுங்கள். ஒரு பசு கன்றீன்று இரண்டு வாரங்களாகின்றன. காலையில் பாலைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு சென்றபோது, பாலின் கொழுப்புச் சதவீதம் முன்னரை விடக் கூடியிருப்பதாகச் சொல்கின்றார்கள். பாலின் விலை கொழுப்பையும் கொழுப்பற்ற திண்மங்களையும் கொண்டே கணிக்கப்படுவதால் பண்ணையாளர் மகிழ்ச்சியடைகின்றார். மூன்று நாட்களின் பின் அப்பசு தவிட்டையும் புண்ணாக்கையும் முகர்ந்து பார்த்துவிட்டு விலகி நிற்கின்றது. பால் 18 இலீற்றரில் இருந்து 12 இலீற்றராகக் குறைகின்றது. விலா எலும்புகள் தெரியத் தொடங்குகின்றன.

கொழுப்புக் கூடியது நல்ல செய்தியா? இல்லை. பசு தனது உடற்கொழுப்பைக் கரைத்துப் பாலில் கொட்டிக் கொண்டிருந்தது. பண்ணையாளர் மகிழ்ந்த அந்த நாளே நோயின் முதல் அறிகுறி தென்பட்ட நாளாகும். இதனை எவ்வாறு நேரத்துடன் கண்டுபிடிப்பது, எவ்வாறு சமாளிப்பது, அடுத்த முறை எவ்வாறு தவிர்ப்பது என்பனவே இப்பாடத்தின் பொருளாகும்.

1. கீற்றோசிசு என்றால் என்ன?

கன்றீன்ற பின் பாலுற்பத்திக்குத் தேவையான சக்தியை உணவிலிருந்து பெறமுடியாத பசு, தனது உடற்கொழுப்பை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவதனால் குருதியில் கீற்றோன் பொருள்கள் மிகையாகச் சேரும் நிலை கீற்றோசிசு எனப்படும்.

இது ஓர் அனுசேப நோயாகும். பற்றீரியாவாலோ வைரசாலோ ஏற்படுவதன்று. ஒரு பசுவிலிருந்து இன்னொரு பசுவுக்குத் தொற்றுவதுமில்லை.

கீற்றோன் பொருள்கள் மூன்று வகைப்படும்.

(அ) அசற்றோவசற்றிக்கமிலம்
(ஆ) பீற்றா ஐதரொட்சி பியூற்றிரிக்கமிலம்
(இ) அசற்றோன்

இவற்றுள் பசுவின் குருதியில் கூடுதலாகக் காணப்படுவது பீற்றா ஐதரொட்சி பியூற்றிரிக்கமிலமாகும். அசற்றோன் ஆவியாகக் கூடியது. நகப்பூச்சை அகற்றப் பயன்படும் திரவத்தின் மணத்தை நீங்கள் அறிந்திருப்பீர்கள். நோயுற்ற பசுவின் மூச்சிலும் பாலிலும் வரும் மணம் அதனை ஒத்தது.

2. பசுவுக்குக் குளுக்கோசு எங்கிருந்து கிடைக்கின்றது?

இந்நோயை விளங்கிக் கொள்ளப் பசுவின் சமிபாடு பற்றிய ஓர் அடிப்படை உண்மையை அறிதல் வேண்டும்.

நாம் சோறு உண்டால் அதிலுள்ள மாப்பொருள் சிறுகுடலில் குளுக்கோசாக மாறி நேரடியாகக் குருதியை அடைகின்றது. பசுவில் இவ்வாறு நிகழ்வதில்லை. பசு உண்ணும் புல்லும் தவிடும் முதலில் உரூமன் எனப்படும் பெரிய முதலிரைப்பையை அடைகின்றன. அங்குள்ள நுண்ணங்கிகள் காபோவைதரேற்றின் பெரும்பகுதியை நொதிக்கச் செய்து மூன்று முக்கிய அமிலங்களாக மாற்றுகின்றன.

• அசற்றிக்கமிலம் – சக்திக்கும் பாற்கொழுப்பு ஆக்கத்துக்கும் பயன்படும்.
• புரொப்பியோனிக்கமிலம் – ஈரலில் குளுக்கோசாக மாற்றப்படும்.
• பியூற்றிரிக்கமிலம் – உரூமன் சுவரில் பெரும்பாலும் கீற்றோன் பொருளாக மாறும்.

எனவே பசு, தனக்குத் தேவையான குளுக்கோசில் பெரும்பகுதியைத் தனது ஈரலிலேயே தயாரித்துக் கொள்கின்றது. அதற்கான பிரதான மூலப்பொருள் புரொப்பியோனிக்கமிலமாகும். தவிடு, சோளம் போன்ற மாப்பொருள் நிறைந்த செறிவுத் தீவனங்கள் இவ்வமிலத்தைக் கூடுதலாகத் தருகின்றன. பசு உண்பதைக் குறைத்தால் புரொப்பியோனிக்கமிலம் குறையும். அதனுடன் குளுக்கோசும் குறையும்.

3. பால் சுரப்பும் குளுக்கோசுத் தேவையும்

பாலிலுள்ள வெல்லம் இலற்றோசு ஆகும். இதனை ஆக்குவதற்குப் பால்மடி குளுக்கோசைக் குருதியிலிருந்து எடுத்துக் கொள்கின்றது. 1 இலீற்றர் பாலை உற்பத்தி செய்ய ஏறத்தாழ 72 கிராம் குளுக்கோசு தேவை எனக் கணிக்கப்படுகின்றது.

உதாரணம்: நாளொன்றுக்கு 20 இலீற்றர் பால் தரும் பசுவின் பாலுற்பத்திக்குத் தேவையான குளுக்கோசு

20 × 72 = 1440 கிராம்

அதாவது நாள்தோறும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம். இத்தனையையும் ஈரல் தயாரித்துக் கொடுக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு ஓரிரு இலீற்றர் மட்டும் கறக்கும் நாட்டுப் பசுவில் இந்நோய் அரிதாக இருப்பதும், பிரீசியன், அயர்சயர், யேர்சி போன்ற இனங்களிலும் அவற்றின் உயர் கலப்பினங்களிலும் கூடுதலாகக் காணப்படுவதும் ஏன் என்பது இப்போது உங்களுக்கு விளங்கும்.

4. மறைச் சக்திச் சமநிலை

கன்றீன்ற பின் பாலின் அளவு விரைவாக உயர்ந்து ஏறத்தாழ 4 முதல் 8 வாரங்களில் உச்சத்தை அடைகின்றது. ஆனால் பசு உண்ணும் அளவு அதே வேகத்தில் உயர்வதில்லை. அது உச்சத்தை அடைய ஏறத்தாழ 10 முதல் 14 வாரங்கள் செல்லும். இந்த இடைவெளியில் பசு உண்பதனால் பெறும் சக்தியை விடப் பாலினூடாக இழக்கும் சக்தி அதிகமாகும். இந்நிலை மறைச் சக்திச் சமநிலை எனப்படும்.

குடும்பத்தின் வருமானத்தை விடச் செலவு கூடினால் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும் அல்லவா? பசுவின் சேமிப்பு அதன் உடற்கொழுப்பாகும். ஓரளவு எடுப்பது இயல்பானது. நல்ல கறவைப் பசு எதுவும் அவ்வாறே செய்கின்றது. அளவு மீறும்போதே நோய் ஏற்படுகின்றது.

நிகழும் ஒழுங்கு பின்வருமாறு:

(i) பால்மடி குளுக்கோசை எடுப்பதனால் குருதியில் குளுக்கோசு குறைகின்றது.
(ii) இன்சுலின் ஓமோனின் அளவும் குறைகின்றது.
(iii) உடற்கொழுப்பு கரைந்து கொழுப்பமிலங்களாகக் குருதியில் சேர்கின்றது.
(iv) கொழுப்பமிலங்கள் ஈரலை அடைகின்றன. ஒரு பகுதி முற்றாக ஒட்சியேற்றப்பட்டுச் சக்தி வெளிவிடப்படும்.
(v) ஈரலால் சமாளிக்க முடியாத மிகுதியின் ஒரு பகுதி கீற்றோன் பொருள்களாக மாறும். இன்னொரு பகுதி ஈரலிலேயே கொழுப்பாகப் படியும்.
(vi) கொழுப்புப் படிந்த ஈரலின் குளுக்கோசு ஆக்கும் திறன் குறையும். பசுவின் பசியும் குறையும்.
(vii) பசி குறைவதால் உணவு குறையும். உணவு குறைவதால் குளுக்கோசு மேலும் குறையும். மீண்டும் (i)இலிருந்து தொடரும்.

இது ஒரு நச்சுவட்டம். சிகிச்சை, தடுப்பு ஆகிய இரண்டின் நோக்கமும் இவ்வட்டத்தை ஏதேனும் ஓரிடத்தில் அறுப்பதேயாகும்.

ஒப்பிட்டு விளங்குக: மனிதரில் நீரிழிவு முற்றும்போதும் கீற்றோன் பொருள்கள் சேரலாம். ஆனால் அங்கு குருதிக் குளுக்கோசு கூடியிருக்கும். கன்றீன்ற பசுவின் கீற்றோசிசில் குருதிக் குளுக்கோசு பொதுவாகக் குறைந்திருக்கும். இரண்டையும் ஒன்றெனக் கருதி விடை எழுத வேண்டாம்.

5. எந்தப் பசுவுக்கு ஆபத்து அதிகம்?

"மெலிந்த பசுவுக்கே இந்நோய் வரும்" எனப் பல மாணவர்கள் எழுதுகின்றனர். கன்றீனும் வேளையில் மிகக் கொழுத்திருந்த பசுவே கூடுதல் ஆபத்துக்குள்ளாகின்றது.

கொழுத்த பசு கன்றீன்ற பின் குறைவாகவே உண்ணும். கரைப்பதற்கு அதனிடம் ஏராளமான கொழுப்பும் உண்டு. ஆகவே ஈரலை நோக்கிக் கொழுப்பமிலங்கள் வெள்ளம் போல வந்து சேர்கின்றன.

பசுவின் உடல் நிலையை 1 முதல் 5 வரையான புள்ளிகளால் மதிப்பிடுவர். 1 என்பது எலும்பும் தோலுமான நிலை. 5 என்பது மிகக் கொழுத்த நிலை. இடுப்பெலும்பு, வாலடி, முதுகெலும்பின் பக்கமுனைகள் ஆகியவற்றைப் பார்த்தும் தடவியும் புள்ளி வழங்கப்படும்.

• கன்றீனும்போது பொருத்தமான புள்ளி: 3 முதல் 3.5 வரை
• 4 அல்லது அதற்கு மேல்: ஆபத்தான நிலை

பசு ஏன் கொழுக்கின்றது? கன்றீன்ற பசுவின் வேட்கை அறிகுறிகளைக் கவனிக்கத் தவறினால் செயற்கை முறைச் சினைப்படுத்தல் தாமதமாகின்றது. பசு நீண்ட காலம் குறைந்த அளவு பாலைக் கறந்து கொண்டே இருக்கும். பண்ணையாளரோ முன்னர் கொடுத்த அதே அளவு செறிவுத் தீவனத்தைத் தொடர்ந்து கொடுப்பார். பாலாக மாறாத சக்தி கொழுப்பாகச் சேரும். ஆகவே இன்று கவனிக்கத் தவறிய வேட்கை, ஒரு வருடம் கழித்துக் கீற்றோசிசாக வந்து நிற்கலாம்.

ஏனைய காரணிகள்:

• மூன்றாவது, நான்காவது ஈற்றுக்களை அடைந்த உயர் உற்பத்திப் பசுக்கள்
• முன்னைய ஈற்றில் இந்நோய்க்கு உள்ளான பசுக்கள்
• கன்றீன்ற பின் திடீரெனத் தீவனத்தை மாற்றுதல்
• முற்றிய, சுவையற்ற புல்லை மட்டும் கொடுத்தல்
• பழுதடைந்து பியூற்றிரிக்கமிலம் மிகுந்த சைலேச்சைக் கொடுத்தல்
• போதிய நீர் இன்மை, வெப்ப நெருக்கடி, பலமான பசுக்கள் தீவனத் தொட்டியிலிருந்து துரத்துதல்

6. நோயின் வகைகள்

(அ) முதன்மைக் கீற்றோசிசு – வேறு நோய் எதுவுமின்றி, சக்திப் பற்றாக்குறையால் மட்டும் ஏற்படுவது.

(ஆ) துணைக் கீற்றோசிசு – மடியழற்சி, கருப்பை அழற்சி, பால் காய்ச்சல், கால் நோவு, நான்காம் இரைப்பை இடம்பெயர்தல் போன்ற வேறொரு நோயினால் பசு உண்ணாமல் விடுவதன் விளைவாக ஏற்படுவது. இங்கு மூலநோயையும் குணப்படுத்த வேண்டும்.

(இ) மறைநிலைக் கீற்றோசிசு – வெளி அறிகுறிகள் எவையும் இல்லாமல் குருதியில் கீற்றோன் மட்டும் கூடியிருப்பது. பசு நன்றாக இருப்பது போலத் தோன்றும். ஆயினும் பால் குறையும். மீண்டும் சினைப்படுவது தாமதமாகும். நான்காம் இரைப்பை இடம்பெயரும் வாய்ப்பும் கூடும். பார்வைக்குத் தெரியாத இந்நிலையே வெளிப்படையான நோயைவிடப் பரவலாகக் காணப்படுகின்றது.

7. அறிகுறிகள்

இந்நோய் பெரும்பாலும் கன்றீன்ற முதல் 6 வாரங்களுள் தோன்றும்.

சாதாரண வடிவம்:

• முதலில் செறிவுத் தீவனத்தை மறுத்தல்; புல்லையோ வைக்கோலையோ ஓரளவு தொடர்ந்து உண்ணல்
• பால் குறைதல்
• சில நாட்களிலேயே விரைவாக மெலிதல்
• சாணம் இறுகி உலர்ந்து, சளி படிந்து காணப்படல்
• சோர்வு, மந்தமான பார்வை, அசைபோடல் குறைதல்
• மூச்சிலும் பாலிலும் அசற்றோன் மணம் (எல்லோராலும் இம்மணத்தை உணர முடியாது)
• உடல் வெப்பநிலை இயல்பாக இருத்தல் (ஏறத்தாழ 38.5 பாகை செல்சியசு)

கடைசி அறிகுறி முக்கியமானது. பசு உண்ணாமல் இருப்பதுடன் காய்ச்சலும் இருந்தால் மடியழற்சி, கருப்பை அழற்சி போன்ற தொற்று உள்ளதா எனத் தேட வேண்டும்.

நரம்பு வடிவம்:

சில பசுக்கள் தமது உடலையோ தொட்டியையோ இடைவிடாது நக்கும், வெறுமனே மெல்லும், வட்டமாகச் சுற்றும், தலையைச் சுவரில் அழுத்தும், கதறும், ஆட்களை முட்ட வரும்.

எச்சரிக்கை: விசர்நாய்க்கடி நோய் உள்ள மாடும் ஏறத்தாழ இவ்வாறே நடந்து கொள்ளும். எனவே இவ்வறிகுறிகளைக் கண்டால் பசுவின் வாய்க்குள் கைவிடவோ மருந்து பருக்கவோ முயலாது, பசுவைத் தனியாகக் கட்டி, கால்நடை வைத்திய அதிகாரிக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

8. பரிசோதனை மூலம் இனங்காணல்

(அ) சிறுநீர்ப் பரிசோதனை

1908ஆம் ஆண்டில் ரொதெரா என்பவர் வெளியிட்ட முறையின் வழியில் இப்பரிசோதனை செய்யப்படுகின்றது. சோடியம் நைத்திரோபுரூசைட்டு, அமோனியம் சல்பேற்று, அமோனியா ஆகியவற்றுடன் சிறுநீர் சேரும்போது ஊதா நிறம் தோன்றினால் அசற்றோவசற்றிக்கமிலமோ அசற்றோனோ உள்ளது என்பது தெளிவாகும். நிறம் கடுமையாக இருப்பின் கீற்றோன் கூடுதலாக உள்ளது. இதே அடிப்படையில் இயங்கும் சோதனைக் கீலங்களும் கிடைக்கின்றன. கீலத்தைச் சிறுநீரில் தோய்த்து, பொதியில் குறிப்பிட்ட நேரத்தில் நிற அட்டையுடன் ஒப்பிட வேண்டும். நேரம் பிந்திப் பார்த்தால் விடை பிழைக்கும்.

பசுவின் யோனித் துவாரத்தின் கீழ்ப்புறத்தை மெதுவாகத் தடவினால் பெரும்பாலும் சிறுநீர் கழிக்கும். சுத்தமான பாத்திரத்தில் சேகரிக்கலாம்.

(ஆ) பாற் பரிசோதனை

இதே பரிசோதனையைப் பாலிலும் செய்யலாம். பாலில் கீற்றோன் செறிவு சிறுநீரிலும் குறைவு. எனவே பாலில் நிறம் தோன்றாமையை மட்டும் கொண்டு நோய் இல்லை எனக் கூற முடியாது.

(இ) குருதிப் பரிசோதனை

மிகவும் நம்பத்தக்க முறை இதுவே. கையடக்கமான கீற்றோன் அளவிடும் கருவியில் ஒரு துளி குருதி போதுமானது.

குருதியின் பீற்றா ஐதரொட்சி பியூற்றிரிக்கமில அளவு:

• 1.2 மில்லிமூல்/இலீற்றருக்குக் குறைவு – இயல்பு
• 1.2 அல்லது அதற்கு மேல், அறிகுறிகள் இல்லை – மறைநிலைக் கீற்றோசிசு
• 3.0 அல்லது அதற்கு மேல் – பெரும்பாலும் வெளிப்படையான நோயுடன் தொடர்புடையது

(ஈ) பாலின் கொழுப்பு – புரத விகிதம்

உடற்கொழுப்பு கரையும்போது பாற்கொழுப்பு கூடும். சக்தி போதாமையால் பாற்புரதம் குறையும். எனவே கொழுப்பைப் புரதத்தால் வகுத்து வரும் பெறுமானம் ஏறத்தாழ 1.4ஐ விடக் கூடினால் சந்தேகிக்க வேண்டும்.

உதாரணம்: கொழுப்பு 4.8%, புரதம் 3.0% எனின், விகிதம் 4.8 ÷ 3.0 = 1.6. இது சந்தேகத்துக்குரியது.

புரதத்தை அளக்க வசதி இல்லாத இடத்திலும் ஒன்றைச் செய்யலாம். பாலின் அளவு குறையும்போது கொழுப்புச் சதவீதம் திடீரென உயர்ந்தால் அதனை இலாபமாகக் கருதாது பசுவைப் போய்ப் பார்க்க வேண்டும். இது ஒரு குறிப்பு மட்டுமே. உறுதிப்படுத்துவது சிறுநீர் அல்லது குருதிப் பரிசோதனையாகும்.

எப்போது பரிசோதிப்பது? கன்றீன்ற 3ஆம் நாளில் இருந்து முதல் இரு வாரங்களில் வாரத்துக்கு இரு தடவை பரிசோதித்தல் சிறந்தது. மறைநிலை நோய் பெரும்பாலும் இக்காலத்திலேயே தொடங்குகின்றது.

9. பால் காய்ச்சலும் கீற்றோசிசும் – வேறுபாடு

பரீட்சையில் மாணவர்கள் இவ்விரண்டையும் மாற்றி எழுதுவதுண்டு. கவனமாகப் படிக்கவும்.

| இயல்பு | பால் காய்ச்சல் | கீற்றோசிசு |
|---|---|---|
| குறைவடைவது | குருதிக் கல்சியம் | குருதிக் குளுக்கோசு |
| தோன்றும் காலம் | பெரும்பாலும் கன்றீன்ற முதல் 3 நாட்கள் | பெரும்பாலும் முதல் 6 வாரங்கள் |
| நிற்கும் நிலை | எழ முடியாது படுத்து, தலையை விலாப்புறம் திருப்பியிருக்கும் | பெரும்பாலும் எழுந்து நிற்கும் |
| உடல் வெப்பம் | குறையும். காதுகள் குளிர்ந்திருக்கும் | இயல்பு |
| நோயின் வேகம் | மணித்தியாலங்களில் உயிராபத்து | நாட்கணக்கில் மெலிவு |
| பிரதான சிகிச்சை | நாளத்தினூடாகக் கல்சியம் | குளுக்கோசு, புரொப்பிலீன் கிளைக்கோல் |

குறிப்பு: பெயரில் "காய்ச்சல்" இருப்பினும் பால் காய்ச்சலில் உடல் வெப்பம் உயர்வதில்லை.

10. சிகிச்சை

(அ) நாளத்தினூடாகக் குளுக்கோசு ஏற்றல். பொதுவாக 50% குளுக்கோசுக் கரைசலில் 500 மில்லிலீற்றர் ஏற்றப்படும். இதனைக் கால்நடை வைத்திய அதிகாரியே செய்ய வேண்டும். குருதிக் குளுக்கோசு உடனே உயர்ந்தாலும் சில மணித்தியாலங்களில் மீண்டும் குறையும். எனவே இது மட்டும் போதாது.

(ஆ) புரொப்பிலீன் கிளைக்கோல் பருக்கல். நாளொன்றுக்கு ஒரு தடவை ஏறத்தாழ 300 மில்லிலீற்றர் வீதம் 3 முதல் 5 நாட்கள் வரை கொடுக்கப்படும். இதன் ஒரு பகுதி உரூமனில் புரொப்பியோனிக்கமிலமாக மாறும். மீதி நேரடியாக ஈரலை அடைந்து குளுக்கோசாக மாறும். அளவு மீறினால் பசு சோர்ந்து தள்ளாடும். ஆகவே வைத்தியரின் ஆலோசனைப்படி கொடுத்தல் வேண்டும்.

(இ) தேவைக்கேற்ப ஓமோன் மருந்துகளும் விற்றமின் பீ12உம் வைத்தியரால் வழங்கப்படும்.

(ஈ) மூலநோய் இருப்பின் அதற்குரிய சிகிச்சை.

(உ) சுவையான இளம்புல், சுத்தமான நீர் ஆகியவற்றை முன்வைத்துப் பசியைத் தூண்டல்.

சீனி கரைத்துக் கொடுக்கலாமா?

"குளுக்கோசு குறைந்தால் சீனியோ பனங்கட்டியோ கரைத்துக் கொடுத்தால் போதும்தானே?" என்று கேட்பீர்கள். பலர் நல்லெண்ணத்துடன் அவ்வாறே செய்கின்றனர். இரண்டாம் பகுதியை மீண்டும் நினைத்துப் பாருங்கள். வாயால் கொடுக்கும் சீனி உரூமனை அடைந்ததும் நுண்ணங்கிகளால் நொதிக்கப்படும். அது சீனியாகக் குருதியை அடையாது. அதில் உருவாகும் பியூற்றிரிக்கமிலம் கீற்றோனாகவும் மாறலாம். பெருமளவு கொடுத்தால் உரூமனில் அமிலத்தன்மை கூடி வேறொரு நோயையும் உண்டாக்கும். சீனித் தண்ணீரை நம்பி இரண்டு மூன்று நாட்களைக் கடத்துவதே பசுவுக்கு நேரும் பெரிய இழப்பாகும்.

மருந்து பருக்கும்போது: பசுவின் தலையை அளவுக்கு மீறி உயர்த்தக் கூடாது. நாக்கை வெளியே இழுத்துப் பிடிக்கக் கூடாது. சிறிது சிறிதாக ஊற்றி, விழுங்க நேரம் கொடுக்க வேண்டும். இருமினால் உடனே நிறுத்தித் தலையை விட வேண்டும். திரவம் சுவாசப்பையை அடைந்தால் உயிராபத்து விளையலாம்.

11. தடுத்தல்

தடுப்பு கன்றீன்ற பின் தொடங்குவதன்று. முன்னைய பால் சுரப்புக் காலத்திலேயே தொடங்குகின்றது.

படி 1 – பால் சுரப்பின் பிற்பகுதி: வேட்கையைத் தவறாது அவதானித்து உரிய காலத்தில் சினைப்படுத்தல். பால் குறையும்போது செறிவுத் தீவனத்தையும் குறைத்தல். உடல் நிலையைத் திருத்துவதற்குரிய காலம் இதுவே.

படி 2 – வற்றுக் காலம் (கன்றீனுவதற்கு முந்திய ஏறத்தாழ 60 நாட்கள்): உடல் நிலையை மாற்றாது பேணல். பசு கொழுத்திருப்பதாக எண்ணி இக்காலத்தில் பட்டினி போடக் கூடாது. பட்டினி போட்டால் கொழுப்புக் கரையத் தொடங்கி ஈரலில் படியும். நோயைத் தடுக்கச் செய்த காரியமே நோயை வரவழைத்துவிடும்.

படி 3 – கன்றீனுவதற்கு முந்திய 2 – 3 வாரங்கள்: செறிவுத் தீவனத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்தல். உரூமனிலுள்ள நுண்ணங்கிகளும் உரூமன் சுவரும் புதிய தீவனத்துக்கு இசைவாக இக்காலம் தேவை.

படி 4 – கன்றீன்ற பின்: செறிவுத் தீவனத்தை நாளுக்கு ஏறத்தாழ அரைக் கிலோகிராம் வீதம் படிப்படியாக உயர்த்தல். 2 – 2½ இலீற்றர் பாலுக்கு 1 கிலோகிராம் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் வழிகாட்டியாகும். தீவனத்தை ஒரே தடவையில் கொடாது பல தடவைகளாகப் பிரித்துக் கொடுத்தல். கோ-3, கினி போன்ற புற்களை முற்றுமுன் வெட்டிக் கொடுத்தல். கிளிரிசிடியா இலைகளையும் சேர்த்தல். நீரை எந்நேரமும் வைத்தல். 1 இலீற்றர் பாலுக்கு ஏறத்தாழ 3 – 4 இலீற்றர் நீரைப் பசு அருந்தும்.

படி 5 – பதிவேடு: ஒவ்வொரு பசுவுக்கும் கன்றீன்ற திகதி, நாளாந்தப் பால், கொழுப்புச் சதவீதம், உடல் நிலைப் புள்ளி, தீவனத்தில் மீதமானவை என்பவற்றை எழுதி வைத்தல். ஒரு கொப்பியும் பேனையும் போதும். எண்கள் எழுதப்பட்டிருந்தால்தான் மாற்றம் கண்ணில் படும்.

12. நினைவிற் கொள்க

• கீற்றோசிசு தொற்றுநோயன்று, அனுசேப நோய்.
• குளுக்கோசு குறையும், கீற்றோன் கூடும்.
• செறிவுத் தீவனத்தை மறுத்தல் முதல் அறிகுறிகளுள் ஒன்று.
• காய்ச்சல் இருக்காது.
• கன்றீனும்போது உடல் நிலைப் புள்ளி 3 – 3.5.
• வற்றுக் காலத்தில் பசுவைக் கொழுக்க வைக்கவும் கூடாது. மெலிய வைக்கவும் கூடாது.

13. பயிற்சி வினாக்கள்

பகுதி 1 – பொருத்தமான விடையைத் தெரிவு செய்க.

1. பசுவின் ஈரலில் குளுக்கோசு ஆக்கத்துக்குப் பிரதானமாக உதவும் அமிலம்
(1) அசற்றிக்கமிலம் (2) பியூற்றிரிக்கமிலம் (3) புரொப்பியோனிக்கமிலம் (4) இலற்றிக்கமிலம்

2. நாளொன்றுக்கு 15 இலீற்றர் பால் தரும் பசுவின் பாலுற்பத்திக்குத் தேவையான குளுக்கோசு ஏறத்தாழ
(1) 72 கிராம் (2) 480 கிராம் (3) 1080 கிராம் (4) 2160 கிராம்

3. வற்றுக் காலத்தில் உடல் நிலைப் புள்ளி 4.5 ஆகவுள்ள பசுவுக்குச் செய்யத் தக்கது
(1) தீவனத்தை முற்றாக நிறுத்தல்
(2) செறிவுத் தீவனத்தை இரு மடங்காக்கல்
(3) மேலும் கொழுக்கவோ திடீரென மெலியவோ விடாது பேணி, கன்றீன்ற பின் கீற்றோன் பரிசோதனை செய்தல்
(4) நாள்தோறும் சீனி கரைத்துக் கொடுத்தல்

பகுதி 2 – அமைப்புக் கட்டுரை

மூன்றாம் ஈற்றைச் சேர்ந்த பிரீசியன் பசுவொன்று கன்றீன்று 18 நாட்களாகின்றன. கன்றீனும்போது அதன் உடல் நிலைப் புள்ளி 4. முன்னைய ஈற்றுக்கும் இவ்வீற்றுக்கும் இடைப்பட்ட காலம் 17 மாதங்கள். தற்போது பால் 18 இலீற்றரில் இருந்து 12 இலீற்றராகக் குறைந்துள்ளது. கொழுப்பு 3.6%இல் இருந்து 4.8% ஆக உயர்ந்துள்ளது. புல்லை உண்கின்றது, செறிவுத் தீவனத்தை மறுக்கின்றது. வெப்பநிலை 38.6 பாகை செல்சியசு.

(அ) சந்தேகிக்கப்படும் நோய் யாது? இரு ஆதாரங்கள் தருக.
(ஆ) பால் காய்ச்சல் அன்று எனக் கொள்வதற்கு ஒரு காரணம் தருக.
(இ) உறுதிப்படுத்தும் பரிசோதனை ஒன்றைக் குறிப்பிடுக.
(ஈ) பசு கொழுத்தமைக்கான காரணத்தைத் தரவுகளைக் கொண்டு விளக்குக.

விடைகள்

பகுதி 1: 1 – (3), 2 – (3), 3 – (3)

பகுதி 2:
(அ) கீற்றோசிசு. செறிவுத் தீவனத்தை மறுத்தல். பால் குறையும்போது கொழுப்புச் சதவீதம் உயர்தல். (உடல் நிலைப் புள்ளி 4 என்பதும் ஏற்றுக் கொள்ளப்படும்.)
(ஆ) பால் காய்ச்சல் பெரும்பாலும் முதல் 3 நாட்களில் தோன்றும். இப்பசு 18 நாட்களைக் கடந்துள்ளது. (பசு உண்ணுகின்றமை, வெப்பநிலை இயல்பாக உள்ளமை என்பனவும் பொருத்தமானவை.)
(இ) சிறுநீரில் ரொதெரா பரிசோதனை அல்லது குருதியில் கீற்றோன் அளவிடல்.
(ஈ) ஈற்றிடைவெளி 17 மாதங்கள் என்பது, விரும்பத்தக்க ஏறத்தாழ 12 – 13 மாதங்களை விட நீண்டது. சினைப்படல் தாமதமானதால் குறைந்த பாலுடன் நீண்ட காலம் கறவையில் இருந்து, மேலதிக சக்தி கொழுப்பாகச் சேர்ந்துள்ளது.

மாணவர்களே, உங்களுள் பலரது வீட்டில் பசு இருக்கும். கன்றீன்று சில நாட்களான பசு தீவனத் தொட்டியில் தவிட்டை மீதம் வைத்தால், "நாளைக்குப் பார்ப்போம்" என விட்டுவிடாதீர்கள். அன்றைய பாலின் அளவை எழுதுங்கள். வெப்பமானியால் உடல் வெப்பத்தைப் பாருங்கள். அருகிலுள்ள கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சிறுநீர் மாதிரியுடன் செல்லுங்கள். அந்த ஒரு நாள் முந்திச் செல்வதனால் பசுவும் பிழைக்கும். அக்குடும்பத்தின் வருமானமும் தப்பும்.